காசுக்காரனும் சும்மாக்காரனும்

பிப்ரவரி 4

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் நலம் என்று மகள் நேற்றே சொல்லிவிட்டாள். ஆகையால் விசாரிப்பை இத்துடன் முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசினால் நான் 'சரி மாப்பிள்ளை, சரி மாப்பிள்ளை' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். சொல்ல வேண்டியதெல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது. அதைக் கழுவப் போட்ட பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மகளிடம் சொல்லி அனுப்பலாமென்றால், "உனக்கும் அவருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா? நேராச் சொல்லிக்குங்க" என்று கழன்றுகொண்டாள்.

போன மாதம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் உபகரண நிலையத்தின் இணையதளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. இத்தனை நாள் இலவசமாக இடம் கொடுத்த நிறுவனம் அந்தத் திட்டத்தை ஏப்ரலில் மூடுகிறது, வாடகைக்கு ஒரு சர்வர் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை. "அத்தைக்கு எதுக்கு இந்தத் தலைவலி? லினக்ஸ் போட்டு நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள், தெரியும். கெட்ட மனதோடு சொல்லியிருந்தால் அங்கேயே பதில் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

மாப்பிள்ளை, வேலை பார்த்த காலம் முழுக்க மற்றவர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்தவள் நான். ஒரு வரிகூட என்னுடையது இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நர்சம்மாவோடு சேர்ந்து இந்த நிலையத்தைத் தொடங்கினேன். சக்கர நாற்காலி, மடக்குக் கட்டில், வாக்கர் எல்லாம் தேவைப்படுகிறவர்கள் தளத்தில் பார்த்துப் பதிவு செய்து எடுத்துப் போகிறார்கள், தேவை தீர்ந்ததும் திருப்பித் தருகிறார்கள். கட்டிலும் நாற்காலியும் நர்சம்மா பொறுப்பு. தளம் என் பொறுப்பு. நானே சொல்லி, நானே செய்து, நானே நடத்தும் ஒரே காரியம் அது. அது என் கையை விட்டுப் போகக் கூடாது. இவ்வளவுதான் என் வழக்கு.

ஆகவே சர்வரை இயக்க, காசு கொடுத்து வாங்கும் சிஸ்டத்தையே போடுவதாக இருக்கிறேன். காசு கொடுத்தால் கேள்வி கேட்கலாம். நீங்கள் சொல்லும் லினக்ஸ் சிஸ்டம் சும்மா கிடைக்கிறது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எனக்குப் பல்லைப் பார்த்தே ஆகவேண்டும்.

அத்தை


பிப்ரவரி 9

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். மறுபடி படித்தேன். "என்ன எழுதியிருக்காங்க?" என்று உங்கள் மகள் கேட்டாள். "நலம்னு எழுதியிருக்காங்க" என்றேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

அன்றைக்குச் சொன்னது தப்பு. உதவி என்று நினைத்து வாய் தவறிவிட்டது. ஆனால், கோபித்துக்கொள்ளாதீர்கள், சர்வர் விஷயத்தில் நான் சொன்னது தப்பில்லை. (இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.)

காசு கட்டும் சிஸ்டம் மோசம் என்று நான் சொல்லவே மாட்டேன். எங்கள் அலுவலகமே அதில்தான் ஓடுகிறது. ஆனால் அது பெரிய வீடு கேட்கும். நினைவகம் அதிகம் வேண்டும், அதனால் சர்வர் வாடகையும் கூடும், அதற்கு மேல் மாதாமாதம் உரிமக் கட்டணம். லினக்ஸ் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்திவிடும். உரிமக் கட்டணமே கிடையாது. அதன் உள்வேலை முழுவதும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். நீங்கள் கேட்ட மாட்டுப் பல் அதுதான் அத்தை. ஊர் உலகமே அதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. உங்கள் நிலையத்தில் சக்கர நாற்காலி இலவசம்தானே? இலவசமாகக் கொடுக்கிறார்கள், அதனால் மட்டமாகத்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஏதாவது கோளாறு என்றால் நான் இருக்கிறேன். என் கதவைத் தட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 13

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சக்கர நாற்காலியைச் சொல்லி என் வாயை அடைக்கப் பார்த்தீர்கள். நர்சம்மாவிடம் படித்துக் காட்டினேன். "மாப்பிள்ளைக்கு வாய் இருக்கு, பொழச்சுக்குவார்" என்றார்.

எங்கள் நாற்காலி இலவசம்தான். ஆனால் பிரேக் பிடிக்கவில்லை என்றால் எங்கள் கதவைத் தட்டலாம், நாங்கள் பொறுப்பு. சும்மா கிடைக்கும் சிஸ்டத்துக்கு யார் கதவைத் தட்டுவது என்றால், என் கதவு என்கிறீர்கள். எனக்கு அதுதானே வேண்டாம் என்கிறேன். உங்கள் கதவைத் தட்டித் தட்டி ஓட்டுவதாக இருந்தால் தளம் உங்களுடையது, நான் வெறும் காவல்காரி.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் பார்த்ததில்லை. வாக்கர் வாங்க வருபவர் அதை ஊன்றி, உள்ளறையிலிருந்து வாசல் வரைக்கும் தானே நடந்து போக வேண்டும். கூட வந்தவர்கள் பக்கத்தில் வரலாம், பார்க்கலாம். பிடிக்கக் கூடாது. நர்சம்மா போட்ட சட்டம். பிள்ளைகள் கை பரபரக்க நிற்பார்கள். "விடுங்க, அவங்க நடக்கட்டும். பிடிச்சுக்கிட்டே இருந்தா வாக்கர் எதுக்கு?" என்பார் நர்சம்மா. வாசலை எட்டிப் பிடித்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை தோற்றுப்போகும்.

ஆகவே வீண் பேச்சு வேண்டாம், பரீட்சை வைத்துவிடுவோம். ஒரே வாடகையில் இரண்டு சின்ன சர்வர். ஒன்றில் காசுக்காரன், ஒன்றில் சும்மாக்காரன். இரண்டிலும் தளத்தின் நகல். மார்ச் முழுவதும் இரண்டையும் நான் ஓட்டிப் பார்க்கிறேன். நீங்கள் சிஸ்டத்தை மட்டும் போட்டுக் கொடுங்கள். கற்றுக்கொடுக்க வேண்டாம், புத்தகம் வாங்கிவிட்டேன்.

அத்தை


பிப்ரவரி 16

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டும் தயார். கடவுச்சொற்களைத் தனியே உங்கள் மகள் வழியாக அனுப்பியிருக்கிறேன். (இதற்கு மட்டும் தபால்காரி வேலைக்கு ஒப்புக்கொண்டாள்.) நிறுவியபோது நான் உள்ளே நுழையப் போட்ட என் சாவி ஒன்று இரண்டிலும் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

சும்மாக்காரனிடம் படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான். முதலில் பார்த்தால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும், பயப்படாதீர்கள். பயப்படாதீர்கள் என்று சொன்னதும் தப்போ என்னவோ.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 14

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பரீட்சையில் ஏறக்குறையப் பாதி முடிந்துவிட்டது. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

காசுக்காரன் பார்க்க லட்சணம். எல்லாவற்றுக்கும் படம், எல்லாவற்றுக்கும் ஜன்னல். ஒரு சந்தேகம் வந்து உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். மறுமுனையில் பேசியவர் கடைசிவரை பொறுமை இழக்கவில்லை. நான் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டேன், அவரும் வேறு வேறு விதமாகப் பதில் சொன்னார். அந்த மரியாதைக்கே காசு கொடுக்கலாம். ஆனால் நம் சின்ன வாடகை அவனுக்குப் போதவில்லை. மாடி ஏறியவர் மாதிரி மூச்சு வாங்குகிறான். பெரிய சர்வர் எடுத்தால் நன்றாக ஓடுவான் என்கிறார்கள். எங்கள் நிலையத்துக்கு அது கட்டாது. போதாக்குறைக்கு நாள் முழுக்க மவுஸைப் பிடித்து என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. நர்சம்மா கட்டுப் போட்டுவிட்டார்.

இனி சும்மாக்காரன். கறுப்புத் திரையைப் பார்த்து நான் பயப்படுவேன் என்று நினைத்தீர்கள். மாப்பிள்ளை, வெற்றுத் தாளும் விசைப்பலகையும் எனக்குப் பிறந்த வீடு. மவுஸும் இல்லை, ஜன்னலும் இல்லை, நான் அடிக்கிறேன், அவன் செய்கிறான். சரியாகச் செய்தால் ஒரு வார்த்தை பேச மாட்டான். தப்பு செய்தால் மட்டும் வாயைத் திறப்பான். என் பழைய மேனேஜர் அச்சு அசல் இவன்தான்.

இன்னொரு அதிசயம். போன வாரம் ஒரு நாள் சும்மாக்காரனிடம் தளம் நின்றுபோனது. புத்தகத்தைத் தேடி எடுத்து வருவதற்குள் தானாகவே எழுந்துவிட்டது. "நல்ல உடம்புவாகு" என்றார் நர்சம்மா.

காசுக்காரனுக்கும் ஒரு வழி இருக்கிறது. நர்சம்மாவின் மேஜைக் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கு மென்பொருள் அவனிடம் மட்டும்தான் ஓடும். அங்கே அவன் இருக்கட்டும். சர்வருக்குச் சும்மாக்காரன் என்று மனம் சாய்கிறது. நீங்கள் ஜெயித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜெயித்தது என் டைப்பிங்.

அத்தை


மார்ச் 16

அன்புள்ள அத்தைக்கு,

கடிதத்தை உங்கள் மகளிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். நீங்கள் என்னைப் பாராட்டிய இடத்தை மட்டும் திரும்பவும் படிக்கச் சொன்னாள். அப்படி ஓர் இடமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இருந்தாலும் சந்தோஷம்.

லினக்ஸ் ரொம்ப நிலையானது அத்தை. சின்னச் சின்னக் கோளாறெல்லாம் பெரிதாகப் படுத்தாது.

மணிக்கட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 20

மாப்பிள்ளை அவர்களுக்கு,

முதலில் நல்ல செய்தி. முடிவு செய்துவிட்டேன். பரீட்சை முடியக் காத்திராமல் தளத்தை நேற்றே சும்மாக்காரனிடம் மாற்றிவிட்டேன். காசுக்காரனுக்கு நன்றி சொல்லி விடை கொடுத்தாயிற்று.

இரண்டாவது செய்தி நல்லதா கெட்டதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் தட்டச்சு படித்த இன்ஸ்டிட்யூட்டில் விசைகளின் மேல் துணியைப் போட்டு மூடிவிடுவார்கள். பார்க்காமல் அடித்தால்தான் வித்தை. அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. எல்லாம் நன்றாக ஓடும்போது கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அதனால் போன திங்கட்கிழமை நானே வேண்டுமென்று அமைப்புக் கோப்பில் ஒரு வரியைக் கெடுத்துத் தளத்தைப் படுக்கவைத்தேன். பிறகு எழுப்பிப் பழகலாம் என்று எண்ணம். அதற்குள் ஒரு கட்டிலின் திருகு மக்கர் செய்கிறது என்று நர்சம்மா கூப்பிட, போய்ப் பிடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் தளம் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் கெடுத்த வரி சரியாகியிருந்தது. சரி, உடம்புவாகு என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த வரிக்கு முன்னால் நான்கு இடைவெளி இருந்தது. நான் எப்போதும் இரண்டுதான் விடுவேன். இத்தனை வருடம் தட்டச்சு செய்தவளுக்குத் தன் தாளில் அடுத்தவர் கை பட்டால் தெரியாதா? மறுநாள் மறுபடி கெடுத்துவிட்டுத் திரையை விட்டு நகராமல் உட்கார்ந்தேன். என் கண்ணெதிரே எழுந்தது. இத்தனை மரியாதையான திருடனை நான் பார்த்ததில்லை.

போனால் போகிறது என்று விட்டிருப்பேன். ஆனால் 'லினக்ஸ் ரொம்ப நிலையானது' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்கு மனம் கசந்தது. முதல் தடவை தளம் தானாக எழுந்தபோது, நாம்தான் நன்றாக அமைத்திருக்கிறோம் என்று உள்ளூரப் பூரித்துப்போயிருந்தேன். அது நான் நடந்த நடை இல்லை, நீங்கள் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

புத்தகத்தின் ஏழாம் அத்தியாயத்தில் பிறர் சாவியை நீக்குவது எப்படி என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நீக்கிவிட்டேன்.

அத்தை


மார்ச் 22

அத்தைக்கு,

உங்கள் தளம் நின்றால் என் போனில் மணி அடிக்கும்படி வைத்திருந்தேன். மணி அடித்தபோதெல்லாம் கூட்டத்திலிருந்து எழுந்து ஓடி, அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து சரி செய்தேன். எனக்கு வயிற்றுக்கோளாறு என்று என் மேலதிகாரி நினைத்துக்கொண்டிருக்கிறார். இதற்குக் கிடைத்த பெயர் திருடன்.

எனக்கும் வருத்தமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உண்மையாகவே ஏதாவது ஆகி, ஆஸ்பத்திரியிலிருந்து வரும் ஒருவருக்குக் கட்டில் கிடைக்காமல் போனால் அப்போது யாருடைய நடை என்று பார்த்துக்கொண்டிருப்போமா?

மார்ச் 29

மேலே உள்ளதை எழுதிவிட்டு அனுப்பவில்லை. கோபம் ஆறட்டும் என்று வைத்திருந்தேன். அதற்குள் இன்று நடந்தது உங்களுக்குத் தெரியும்.

காலையில் மணி அடித்தது. கூட்டத்தை விட்டுப் படிக்கட்டுக்கு ஓடினேன். சாவி இல்லை என்பது அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மறுபடி மறுபடி உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன், வரவில்லை. இது நீங்கள் வேண்டுமென்று செய்தது இல்லை என்று எனக்குப் புரிந்தது. உங்களுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்து, அதற்கு முன் உங்கள் மகளுக்கு அடித்தேன்.

"எங்கம்மா கூப்பிட்டாங்களா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஒரு கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற மாதிரி இருந்தது. உங்கள் வாசலில் கை பரபரக்க நிற்கும் பிள்ளைகளை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். மதியத்துக்குள் தளம் எழுந்துவிட்டது. நான் கை வைக்கவில்லை அத்தை, வைக்கவும் முடியாது. எழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. கூட்டத்துக்குத் திரும்பிப் போனேன். மேலதிகாரி மாத்திரை வேண்டுமா என்று கேட்டார்.

என்ன ஆயிற்று என்று கேட்கலாமா? கேட்கக் கூடாது என்றால் விட்டுவிடுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கேட்கலாம். தாராளமாகச் சொல்கிறேன். நர்சம்மாவிடம் சொல்லி அலுத்துவிட்டது, அவருக்கு நான் சொல்வது பாதி புரிவதில்லை.

அன்று காலை எங்கள் தெருத் தையற்காரர் வந்தார். அவர் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து மாலையில் அனுப்புகிறார்கள். கட்டிலுக்கு முதல் நாளே தளத்தில் பதிவு செய்திருக்கிறார். எந்தக் கட்டில் என்று பார்க்கத் திறந்தால் தளம் இல்லை. பயந்துபோனேன், பொய் சொல்வானேன். போனை எடுத்து உங்கள் எண் வரைக்கும் போய்விட்டேன். "முதல்ல அவருக்குக் கட்டிலைக் குடு, அப்புறம் படுத்துக் கிடக்கற உன் தளத்தைப் பாரு" என்றார் நர்சம்மா. தையற்காரருக்கு ஒரு நல்ல கட்டிலாகப் பார்த்து ஏற்றி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பாதி பயம் அதிலேயே போய்விட்டது.

சும்மாக்காரன் வாயைத் திறந்தே சொன்னான், இடமில்லை என்று. இவ்வளவு சின்னத் தளத்துக்கு எப்படி இடமில்லாமல் போகும்? சும்மாக்காரனை வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் ஒரு மன்றம் இணையத்தில் இருக்கிறது. அதில் 'பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்' என்று தொடங்கி அலுவலக நடையில் ஒரு விண்ணப்பம் போட்டேன். முகம் தெரியாத ஒருவர், தொழில் ரொட்டி சுடுவதாம், பதில் எழுதினார். எந்த அறை நிரம்பியிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் சொன்னார். மற்றதைச் சொல்லவில்லை. யார் கதவைத் தட்டுவது என்று கேட்டேன் அல்லவா, தட்டிய பிறகுதான் தெரிந்தது, அந்தத் தெருவில் நிறையக் கதவு இருக்கிறது.

பார்த்தால் குற்றவாளி நான்தான். நகல் எடுக்காத தாள் தாளே இல்லை என்று பழகியவள். அதனால் தளம் முழுவதையும் தினம் காலை ஒரு நகல், மாலை ஒரு நகல் எடுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பழையதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கார்பன் நகலைத் தூக்கிப் போட எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நர்சம்மா ஒவ்வொரு கட்டிலையும் நாலு பக்கமும் படம் எடுத்து ஏற்றியிருந்தார். பத்துப் பேர் வீட்டில் ஆயிரம் பேர் சாமான் சேர்ந்துவிட்டது. புதிய நகல்கள் சிலவற்றைப் பத்திரமாக என் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்துவிட்டு மற்றதை நீக்கினேன். நீக்கும் முன்பு அடித்த கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். எழுப்பினேன், எழுந்தது. நர்சம்மாவைக் கூப்பிட்டு வாசல் வரைக்கும் ஒரு நடை நடந்து காட்டினேன். தெருவில் போனவர்களுக்கு எதற்கென்று புரிந்திருக்காது.

நீங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததாக எழுதியதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் சட்டத்தில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பிடிக்கக் கூடாது என்பதோடு சட்டம் முடியவில்லை. பக்கத்தில் வரலாம் என்றும் இருக்கிறது.

ஆகவே உங்களுக்குப் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கியிருக்கிறேன். அதைக் கொண்டு உள்ளே வரலாம், சுற்றிப் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. பதினோராம் அத்தியாயம். கடவுச்சொல்லை மகள் சொல்வாள். உள்ளே வருபவர்களுக்கு வாசலில் ஒரு வரி வரவேற்பு வைக்கலாம் என்று போட்டிருந்தது, அதையும் வைத்திருக்கிறேன்.

மணி அடிப்பதை எடுக்க வேண்டாம். அடிக்கட்டும். எனக்கும் அடிக்கும்படி வைத்துக்கொண்டேன்.

அத்தை


ஏப்ரல் 5

அன்புள்ள அத்தைக்கு,

இன்று மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து உள்ளே வந்தேன். கறுப்புத் திரையில் தமிழ் எழுத்துகளின் கொம்பும் சுழியும் கொஞ்சம் இடம் மாறித் தெரிந்தன. ஆனாலும் படித்துவிட்டேன்.

'வாங்க மாப்பிள்ளை. சாப்பிட்டீங்களா?'

இத்தனை வருடமாக எத்தனையோ சர்வர்களுக்குள் போய் வந்திருக்கிறேன். ஒன்றுகூட என்னை இப்படிக் கேட்டதில்லை. உங்கள் மகளுக்கு அதைப் படம் பிடித்து அனுப்பினேன். "எனக்குக் கணக்கு கிடையாதா?" என்று கோபித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த கடிதம் அவளிடமிருந்து வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

சுற்றிப் பார்த்தேன். நகல்களைத் தேதி வாரியாக அடுக்கியிருப்பது அழகாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு ஒழுங்கு இல்லை. எல்லா வரிக்கும் முன்னால் இரண்டே இடைவெளி. ஓர் இடத்தில் மட்டும் ஒரு சின்னக் குறை கண்ணில் பட்டது. ஆபத்தில்லாதது. கை பரபரத்தது. எங்கே என்று சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சாப்பிட்டேன் அத்தை. பார்த்தேன். தொடவில்லை.

உங்கள் மாப்பிள்ளை